வழங்கப்பட்ட தேதி

அந்த வழக்கில் நான் வக்காலத்து போட்டவன் இல்லை. கட்சிக்காரர் ஒருவரையும் நேரில் பார்த்ததும் இல்லை. ஆனாலும் 2021 ஜூலையில் ஒரு வாரம் முழுக்க அந்த வழக்கோடுதான் தூங்கி எழுந்தேன். இன்றும் ஜூனியர்களுக்கு இடைக்கால மனு பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

நைஜீரியப் பெண்கள் கூடைப்பந்து அணி டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். 'டி டைக்ரஸ்' என்று ஊரார் அழைக்கும் அணி அது. 2017, 2019 இரண்டிலும் ஆப்பிரிக்கச் சாம்பியன். 2018இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நடந்த உலகக் கோப்பையில் காலிறுதி வரை போனார்கள். ஆணோ பெண்ணோ, ஆப்பிரிக்காவிலிருந்து எந்த அணியும் அதற்குமுன் அங்கே எட்டியதில்லை. இப்போது டோக்கியோவில் முதல் ஆட்டமே அமெரிக்காவுடன். அந்த அணியில் சேர மூன்று பேர் விரும்பினார்கள்: நெக்கா ஒக்வுமிகே, அவர் தங்கை சினே, எலிசபெத் வில்லியம்ஸ்.

மூவரும் அப்போது அமெரிக்கத் தொழில்முறை லீகில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், மூவருக்கும் பெற்றோர் நைஜீரியர். ஒக்வுமிகே சகோதரிகள் டெக்சாஸில் பிறந்தவர்கள், வில்லியம்ஸ் இங்கிலாந்தில் கோல்செஸ்டரில். நெக்கா 2016இல் அந்த லீகின் மிகச் சிறந்த வீராங்கனை. அப்படியிருந்தும் அமெரிக்காவின் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கடைசித் தங்கை எரிக்காவோ ஏற்கெனவே நைஜீரிய அணியில் இருந்தார்.

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி இரண்டு இடத்தில் இவர்களை மறித்தது. பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர் அணிக்கு ஒருவர்தான் இருக்கலாம். பிறப்பாலேயே அந்த உரிமை இருந்தும் பதினாறுக்குள் அதைக் கேட்டுப் பெறாதவரும் அந்த ஒருவர் கணக்கில்தான் வருவார். இது முதல் தடை. பதினேழு வயதுக்குப் பிறகு ஒரு நாட்டுக்காக முக்கியப் போட்டியில் ஆடிவிட்டால் இன்னொரு நாட்டுக்கு மாற முடியாது என்பது இரண்டாவது. விதிவிலக்காகக் கூட்டமைப்பின் பொதுச் செயலர் அனுமதிக்கலாம். அதற்கும், பூர்வீக நாட்டில் விளையாட்டு வளர அது உதவ வேண்டும் என்று நிபந்தனை.

சினேவை அந்த ஒற்றை இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். நெக்காவுக்கும் வில்லியம்ஸுக்கும் அனுமதி மறுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேலாக அமெரிக்க அணி அமைப்போடு இருந்தவர்கள் என்பது காரணம். விஷயம் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. இறுதித் தீர்ப்பு வரும்வரை ஆடவாவது விடுங்கள் என்று இடைக்கால உத்தரவு கேட்டார்கள்.

அந்த மன்றம் பார்க்கும் மூன்று சோதனைகளும் நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39இல் நாம் தினமும் வாதாடுகிற அதே மூன்றுதான். வழக்கில் ஜெயிக்க வாய்ப்பு தெரிகிறதா? மறுத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு வருமா? யாருக்குக் கஷ்டம் அதிகம்? இரண்டாவதில் மனுதாரருக்கு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. நெக்காவுக்கு அந்த மாதம்தான் முப்பத்தொன்று முடிந்திருந்தது. ஒலிம்பிக் நாலு வருடத்துக்கு ஒருமுறை வருவது. மூன்றாவதில் எதிர்த்தரப்புக்கும் சொல்ல இருந்தது. ஒலிம்பிக் பட்டியலில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். இருவர் உள்ளே வந்தால், தகுதிச் சுற்றிலிருந்து ஓடிவந்த இருவர் வெளியே போக வேண்டும். எல்லாம் முதல் சோதனையில் வந்து நின்றது.

அங்கேதான் என் மனதில் நைஜீரிய அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு வந்து உட்கார்ந்தது. அந்த 1999ஆம் வருடச் சட்டத்தை இறக்கி, அச்செடுத்து, சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். நாட்டுக்கு வெளியே பிறந்தாலும், தாய் தந்தையில் ஒருவர் நைஜீரியக் குடிமகனாக இருந்தால், பிள்ளை பிறப்பாலேயே குடிமகன். குடியுரிமை கோரலாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, குடிமகன் என்றே சொல்கிறது. அப்படியானால் பாஸ்போர்ட் என்பது ஏற்கெனவே இருக்கிற ஒன்றுக்குச் சான்று. பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கத்தில் 'பிறந்த தேதி' ஒரு வரியில், 'வழங்கப்பட்ட தேதி' இன்னொரு வரியில் இருக்கும். கூட்டமைப்பின் விதி இரண்டாவது வரியைப் பார்த்து வயதைக் கணக்குப் போடுகிறது.

இந்த இரண்டு வரிகள் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தின என்று சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். பெண்ணுக்கு வயது பதினைந்து, கூடைப்பந்து ஆடுகிறவள். வீட்டுப் பிரசவம். பிறப்பைப் பதியாமல் விட்டு, ஏழு வயதில் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கிப் பதிந்திருந்தார்கள். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதியாத சான்றிதழ் செல்லாது என்று தேர்வுக் குழு அவளை நீக்கிவிட்டது. "சார், அவ பொறந்தது பொறந்ததுதானே?" என்றார் அப்பா. ரிட் மனு போட்டேன், இடைக்கால உத்தரவும் கேட்டேன். பதில் மனுவுக்கு அவகாசம் கொடுத்து வாய்தா போட்டார்கள். அடுத்த வாய்தாவுக்குள் போட்டி முடிந்துவிட்டது. 'இன்ஃப்ரக்சுவஸ்', பயனற்றுப்போனது என்று ஒரு வரியில் மனு முடிந்தது. அசல் சான்றிதழைத் திரும்ப வாங்க அவளே வந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, மடிப்பு கிழியாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உட்காரும்மா" என்றேன். "பஸ்சு போயிரும் சார்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

லோசான் மனுவும் தள்ளுபடியானது. செய்தி வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். கல்லூரி அணியில் ஆடிய என் ஜூனியர் செல்போனை நீட்டிக்கொண்டே, "அநியாயம் சார்" என்றாள். நான் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. எதிர்த்தரப்பின் கட்டையும் பிரித்துப் பார்ப்பது தொழில் தர்மம். 2020 பிப்ரவரியில் பெல்கிரேடில் நடந்த தகுதிச் சுற்றில் அமெரிக்காவிடம் நைஜீரியா 76-71 என்றுதான் தோற்றது. அன்றைய அமெரிக்க அணியில் நெக்காவும் இருந்தார். 2014 உலகக் கோப்பையையும் அமெரிக்காவுக்காக வென்றவர். ஒரு நாடு கழித்துவிட்ட நட்சத்திரங்களைக் கடைசி வாரத்தில் இன்னொரு நாடு சேர்த்துக்கொண்டால் லாகோஸில் பந்து தட்டும் சிறுமிக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று கேட்பவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நெக்காவின் மனுவை நானே விசாரித்திருந்தாலும் திணறியிருப்பேன்.

ஆனால் ஒலிம்பிக் சாசனமே மூன்று வருட இடைவெளி விட்டு நாடு மாறலாம் என்கிறது. கூடைப்பந்து விதியில் அப்படிக் காலக்கெடு எதுவும் இல்லை, ஒருவருடைய விருப்புரிமைதான் இருக்கிறது. எவ்வளவு காலம் கழித்து, என்ன காட்டினால் அனுமதி கிடைக்கும் என்று ஒரு வீராங்கனை முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லாத விதி நல்ல விதி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறப்பால் வந்த குடியுரிமையை, காகிதம் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜூலை 27, சைத்தாமா அரங்கம், ஒலிம்பிக்கின் அந்த முதல் ஆட்டம். ஒன்பது நாளுக்கு முன் லாஸ் வேகஸில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் 93-62 என்று அமெரிக்கா நைஜீரியாவை நொறுக்கியிருந்தது. அன்று முடிந்தபோது 81-72. அந்த ஒன்பது புள்ளியை நெக்கா துடைத்திருப்பாரா என்று எனக்குள் கேட்டுக்கொண்டது நிஜம். அனுமதி கிடைத்த சினேவும் கடைசியில் ஆடவில்லை. மூன்று சகோதரிகள் சேர்ந்து ஆட நினைத்த அணியில் எரிக்கா ஒருவர்தான் இருந்தார்.

மூன்று வருடம் கழித்து பிரான்சில் இதே அணி ஆஸ்திரேலியாவை 75-62, கனடாவை 79-70 என்று வென்றது. ஒலிம்பிக் கூடைப்பந்துக் காலிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி அதுதான். ஜூனியர் அலுவலக மேசையில் ஏறி நிற்காத குறையாகக் குதித்தாள். காலிறுதியில் எதிரே மறுபடியும் அமெரிக்கா. 88-74 என்று ஆட்டம் அவர்களுக்குப் போனது. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணிகளின் பட்டியலையும் வரிவரியாகப் பார்த்தேன். நெக்கா ஒக்வுமிகேயின் பெயர் இரண்டிலும் இல்லை.