குரலுக்கு யார் சொந்தக்காரர்?

பந்திங்கில் என் முகம் பலருக்குத் தெரியாது. ஒட்டுக்கடையில் தே தாரேக் கேட்க வாயைத் திறந்தால் போதும், "ரேடியோவுல பேசுற பிள்ளைதானே?" என்பார்கள். எனக்கு அடையாளமும் வருமானமும் இந்தக் குரல்தான்.

அண்மையில் ஒரு விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க அழைத்தார்கள். அரை மணி நேர வேலை. ஒப்பந்தத்தில் ஒரு வரி உறுத்தியது: பதிவான குரலை எந்தத் தொழில்நுட்பத்திலும், எவ்வளவு காலத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். அதாவது, அதைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்துப் பழக்கினால், நான் சொல்லாததையும் என் குரலிலேயே சொல்ல வைக்கலாம். அந்த வரியை எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. வேலை இன்னொருவருக்குப் போனது.

சட்டம் காப்பாற்றாதா? நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எழுத்து, இசை, ஓவியம், திரைப்படம், ஒலிப்பதிவு, ஒலிபரப்பு ஆகியவற்றைக் காக்கிறது. பாடகர், நடிகர் போன்றோரின் நிகழ்ச்சிக்கும் உரிமை தருகிறது. ஆனால் குரல் அந்தப் பட்டியலில் இல்லை. நான் பேசிய பதிவைத் திருடினால் வழக்குப் போட வழி உண்டு. நான் பேசாததை இயந்திரம் என்னைப்போலவே பேசினால், எந்தப் பதிவைக் காட்டி முறையிடுவது?

தமிழ்ப் பாட்டு ரசிகர்களுக்கு இது புதிதல்ல. 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் ஒலிக்க வைத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, சம்பளமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அதே ஆண்டில், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைத் தங்களைக் கேட்காமல் உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு அவர் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. கருவி ஒன்றுதான், கேட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும்தான் இவ்வளவு வித்தியாசம்.

2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றிப் போலி செய்யப் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர் புகழ்பெற்றவர், நீதிமன்றம் போக வசதி உண்டு. ஒரு விளம்பரத்துக்குச் சில நூறு ரிங்கிட் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு?

அவர்களுக்கு இப்போதைக்கு ஒப்பந்தம்தான் சட்டம். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். குரல் எந்த வேலைக்கு? எத்தனை மாதத்துக்கு? செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிக் குரலை விற்றுவிடாதீர்கள்.