இழுத்துப் பார்த்த பிறகு

தம்பி, கணினி வழி வடிவியல் கற்பித்தலில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நீ கொடுத்துவிட்டுப் போன ஆய்வுச் சுருக்கத்தைப் படித்தேன். ஒரு வகுப்புக்குக் கரும்பலகை, இன்னொன்றுக்கு ஜியோஜீப்ரா மென்பொருள். முன் தேர்வு, பின் தேர்வு, டி-சோதனை, கடைசியில் ‘கணினி வழியே சிறந்தது’. முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே! புதுசாக எதைக் கொண்டுபோனாலும் பிள்ளைகள் கொஞ்ச நாள் ஆர்வமாகத்தான் உட்காருவார்கள். அந்த ஆர்வத்துக்கு வந்த மதிப்பெண் எவ்வளவு, வடிவியல் புரிந்து வந்த மதிப்பெண் எவ்வளவு என்று உன் டி-சோதனை பிரித்துச் சொல்லாது.

மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பலகையில் நாம் போடுவது ஒரே ஒரு முக்கோணம். அதைத் தலைகீழாகப் போட்டால் அடிப்பக்கம் எது என்று திணறுகிற பிள்ளைகள் வகுப்புக்குப் பாதிப்பேர். படத்தின் முனையைப் பிடித்து இழுக்கும் வசதி 1980களில் பிரான்சின் கிரனோபிளில் உருவான காப்ரி என்ற மென்பொருளிலேயே வந்துவிட்டது. 2001 வாக்கில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியதுதான் ஜியோஜீப்ரா. பள்ளிக்கூடத்துக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. நம் பாடநூலிலேயே க்யூஆர் கோடு போட்டு ‘இணையச் செயல்பாடு’ என்று கொடுத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளை அதில் ஒரு நாற்கரம் போடச் சொல், கோணல்மாணலாகவே இருக்கட்டும். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாகச் சேர்த்தால் உள்ளே ஓர் இணைகரம் வரும். பியர் வரிஞான் பெயரில் வழங்கும் தேற்றம் இது. அவர் இறந்தபின் 1731-ல் அச்சில் வந்தது. மவுஸால் ஒரு முனையை உள்ளே தள்ளு. நாற்கரம் அம்புமுனை மாதிரி மடங்கும், உள்ளே இருப்பது இணைகரமாகவே நிற்கும். இன்னும் இழுத்தால் பக்கங்களே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அப்போதும் உள்ளே இணைகரம்தான். பிள்ளைகள் ‘ஓ’ போடுவார்கள். நிறைய ஆசிரியர்கள் அந்தச் சத்தத்தோடு திருப்தியாகி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நீ போகாதே. ‘எப்படி இழுத்தாலும் ஏன் உடையவில்லை?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். ஆசிரியருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. யாராவது ஒரு பிள்ளைக்கு மூலைவிட்டம் போடத் தோன்றும். நாற்கரம் இரண்டு முக்கோணமாகும். முக்கோணத்தில் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் கோடு மூன்றாவது பக்கத்துக்கு இணை, நீளத்தில் பாதி. இரண்டு முக்கோணத்துக்கும் அந்த மூன்றாவது பக்கம் ஒரே மூலைவிட்டம்தான். ஆக எதிரெதிர்க் கோடுகள் இரண்டும் இணை, இரண்டும் சமம். திரை காட்டியது உண்மைதான். காரணம் அதில் இல்லை, மூலைவிட்டம் போட்ட கையில் இருந்தது.

திரை சில சமயம் காலையும் வாரும். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் இரண்டு தசம இடங்களில் காட்டவிட்டுக் கூட்டச் சொல். 60.33, 59.33, 60.33 என்று வந்தால் கூட்டுத்தொகை 179.99. ‘சார், கம்ப்யூட்டர் தப்பு’ என்று ஒருவன் நிச்சயம் எழுந்திருப்பான். அவனை உட்கார வைத்துவிடாதே. அளந்து தெரிந்துகொள்வதும் நிறுவித் தெரிந்துகொள்வதும் வேறு என்று புரியவைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது.

வான் ஹீலே தம்பதியை உன் மேற்கோள் பட்டியலில் சேர்த்திருக்கிறாய். அவர்கள் இருவரும் நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்கள் என்பதைக் கவனித்தாயா? 1957-ல் இருவரும் உட்ரெக்ட்டில் முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் கொடுத்தார்கள். பார்த்து அடையாளம் காண்பது, பண்புகளைச் சொல்வது, பண்புகளுக்குள் உறவு காண்பது, நிறுவுவது என்று பிள்ளைகளின் சிந்தனை படிப்படியாக ஏறுகிறது என்று அவர்கள் சொன்னது சொந்த வகுப்பைக் கவனித்துச் சொன்னது. மனைவி டினா சீக்கிரமே காலமாகிவிட்டார். அவருடைய ஆய்வேடு முழுக்க வகுப்பில் என்ன நடந்தது என்பதுதான்.

நீயும் அப்படிச் செய். இரண்டு இரண்டு பேராகப் பிள்ளைகளை உட்காரவை, மவுஸ் ஒருவன் கையில், நோட்டு இன்னொருவன் கையில். எந்த முனையை முதலில் இழுக்கிறான், எங்கே நிறுத்துகிறான், இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுது. ‘சும்மா இழுடா’ என்பது ‘அந்த முனையை இழுடா’ என்று மாறும் இடத்தைத் தேடிப் பிடி. உன் ஆய்வுக்கு அதுதான் சரக்கு. மாதிரி எண்ணிக்கை போதாது என்று நெறியாளர் சொன்னால் டி-சோதனை அட்டவணையைப் பின்னிணைப்பில் போட்டுக்கொடு, மனிதர் சமாதானமாகிவிடுவார்.

அதற்கு முன்னால் பள்ளியின் ஹைடெக் லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வை. பரீட்சை நெருங்கினால் யாரும் வகுப்பை விட்டுத்தர மாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டிலேயே வேலையை முடித்துக்கொள்.