மங்களம் முந்திய கதை

சபைக்குச் செல்ல இயலாத முதுமையுற்ற என் தந்தையாரைச் சென்ற கோடையிற் சேலத்தினின்று இராசிபுரம் வழியே நாமக்கல்லுக்குக் காரில் அழைத்துச் சென்றேன். அவர் கேட்டு மகிழ, ஒரு கச்சேரியின் பத்துப் பாட்டுக்களையும் 1 முதல் 10 வரை எண்ணிட்டுப் பென் டிரைவிற் பதிந்திருந்தேன். முதலில் வர்ணம், அது முடிந்ததும் மங்களம் ஒலித்தது! "அதற்குள் என்னை எழுந்துபோகச் சொல்கிறாயா?" என்று அவர் வருந்தினார்.

அன்றிரவு காரணத்தை ஆராய்ந்தேன். அக்கருவி எண்களையும் எழுத்துக்களாகவே கொண்டு இடமிருந்து ஒப்பிடுவது. ஆகவே 10 என்பது 2-க்கு முன் நின்றது. 01, 02 எனத் திருத்தினேன், ஒழுங்கு அமைந்தது. பெயரை நோக்காது பதிந்த வரிசையிலேயே பாடும் கருவிகளுக்கோ, பாட்டுக்களை ஒவ்வொன்றாக முறைப்படி பதிதல் வேண்டும்.

இடப்பக்கப் பூச்சியத்திற்கு மதிப்பில்லை என்று கணக்கு வகுப்பிற் பயின்றோமன்றோ, நண்பர்காள்! திரும்புகையில் மங்களம் இறுதியில் வரத் தந்தையார் கைகூப்பினார். பூச்சியத்தின் மதிப்பு எனக்கு அன்று விளங்கிற்று.