பக்கப்பட்டையும் நீலப்பலகையும்

"அப்பாவப் பத்தி எழுதினியே, அது எங்கடா?"ன்னு அம்மா கேட்டாங்க. எழுதின எனக்கே கிடைக்கல மக்களே!

எங்க புதுச்சேரியில தெருமுனையில நின்னா நீலப்பலகை தமிழ்லயும் பிரெஞ்சுலயும் பேரு சொல்லும். நம்ம வலைப்பூ பக்கப்பட்டையிலயோ, 2004-ல வந்த தமிழ்மணத்தோட பழைய பட்டையும், 2013-லயே மூடின கூகிள் ரீடர் பொத்தானும்தான். (வெட்கமா இருக்கு, ஹிஹி.)

பிளாகர்ல லேஅவுட் போய் ரெண்டையும் தூக்கிட்டு, தேடுபெட்டி, காப்பகம், லேபிள்ஸ் மூணையும் இழுத்துப் போட்டேன். பழைய பதிவு எதுக்கும் லேபிளே ஒட்டல, அதனால அது காலியாவே கிடந்துச்சு. காப்பகம்தான் கைகொடுத்துச்சு. அப்பா போனது 2009 ஆகஸ்ட். அந்த மாசத்தை விரிச்சா, இருந்துச்சு.

'அப்பா'ன்னு லேபிள் ஒட்டினேன். பக்கத்துல (1)ன்னு காட்டுது. ஒண்ணுதானா எழுதியிருக்கேன்?