பிளக் வாங்கும் முன் ஒரு நிமிடம்



நம் பைல் நாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறீர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு போகிறீர்கள், ஊரிலேயே சின்ன சரக்கு வண்டி வைத்து வாழைத்தாரும் பலாவும் ஏற்றுகிறீர்கள். அதனால் இன்றைய பதிவு வண்டியைப் பற்றி. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

"லாரிக்கு எந்த கம்பெனி ஸ்பார்க் பிளக் நல்லது சார்?" என்று ஒருவன் கேட்டிருந்தான். கண்ணு, நீ ஓட்டும் பெரிய லாரிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. டீசல் என்ஜின் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தும். அந்த அழுத்தத்திலேயே காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பீச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். சில டீசல் வண்டிகளில் இருப்பது ஹீட்டர் பிளக். குளிரில் ஸ்டார்ட் ஆவதற்குத்தான் அது, அதில் பொறி வராது. பெட்ரோல் என்ஜின் ஏறக்குறைய பத்து மடங்குதான் அழுத்தும். அதற்குத்தான் பொறி வேண்டும்.

ஒரு காலத்தில் நம் நாட்டு லாரிகளும் பெட்ரோலில் ஓடியவைதான். 1954-இல் டாடா நிறுவனம் பென்ஸ் கூட்டோடு ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரி செய்ய ஆரம்பித்தது. பிறகு சரக்கு வண்டி என்றாலே டீசல் என்றாகிவிட்டது. 2005-இல் வந்த குட்டி யானையும் டீசல்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு சின்ன சரக்கு வண்டிகளில் பெட்ரோலும் சிஎன்ஜியும் பெருகிவிட்டன. ஆகவே பிளக் பேச்சு மறுபடி நம் மலைக்கு ஏறி வந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் சரக்கு வேன் வாங்கியிருந்தான். தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. "சார், வெறும் வண்டியா இருந்தா நல்லா போகுது. லோடு ஏத்திக்கிட்டு காரவள்ளியில இருந்து ஏறுனா மிஸ் அடிக்குது. வளைவுல ரெண்டு தடவை ஆஃப் ஆயிருச்சு" என்றான்.

இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் என்ஜின் உறிஞ்சும் வெற்றிடம்தான் பிரேக்குக்குத் துணைபோகிறது. என்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பின்னால் லோடு, கீழே சரிவு. போதாக்குறைக்கு அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். ராத்திரியில் வலி கண்டால் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை காத்திருப்பதா, இதே வேனில் கிளம்புவதா என்பது அந்தக் குடும்பத்தின் கவலை.

நான் மெக்கானிக் இல்லை, அறிவியல் வாத்தியார். பழைய பைக்கின் பிளக்கைத் துடைத்துத் துடைத்துக் கற்றதுதான் என் படிப்பு. என்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, மூன்று பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் செய்தித்தாளில் வைக்கச் சொன்னேன். பிளக்கின் மூக்கு என்ஜினின் நாக்கு மாதிரி. டாக்டர் நாக்கைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்க வேண்டும். வெளிர் பழுப்பு என்றால் ஆரோக்கியம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பசை என்றால் ரிங், வால்வு பக்கம் பார்க்க வேண்டும். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு.

அவனுடைய மூன்றும் கறுப்பு. மூன்றும் போன மாதம்தான் மாற்றியவை. நல்லவேளை, பழைய பிளக்குகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதன் மரை 19 மில்லிமீட்டர் நீளம். புதியது 12.7 தான். தடிமன் ஒன்று என்பதால் சிக்கல் இல்லாமல் உள்ளே ஏறிவிட்டது. கீழ்நாட்டுக் கடையில், "எல்லாம் ஒரே பிளக்குதாண்ணே, இது விலை கம்மி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மரை குட்டையானால் பொறி எரிய வேண்டிய இடத்தில் எரியாமல் துளைக்குள்ளேயே பதுங்கி எரியும். அடுப்பின் வாயில் வைக்க வேண்டிய தீக்குச்சியைச் சந்துக்குள் வைத்த மாதிரி. மீதி மரையில் கரி படிந்துவிடும், பிறகு சரியான பிளக் ஏறுவதும் கஷ்டம். நீளமானால் இன்னும் மோசம், பிஸ்டனில் இடிக்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கும். பிளக்கில் மிச்சம் பிடித்த நூறு இருநூறு ரூபாய்க்குப் பல ஆயிரம் செலவு வைக்கும்.

இப்போது பாடத்துக்கு வருவோம். பிளக் மேல் இருக்கும் எழுத்துகள் அலங்காரம் அல்ல. என்ஜிகே கம்பெனியின் பிபிஆர்6இஎஸ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 'பி' மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர். அடுத்த 'பி' மூக்கு வெளியே நீட்டியது. 'ஆர்' உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 'இ' நீளம் 19 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 'எச்' இருந்தால் 12.7. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்!

நடுவில் உள்ள 6 தான் வெப்ப எண். எட்டாம் வகுப்பில் வெப்பக் கடத்தல் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக என்ஜினுக்குக் கடத்துகிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. மூக்கின் சூடு சுமார் 450 டிகிரிக்குக் குறைந்தால் கரி எரியாமல் படியும். 850 தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றி, பிஸ்டனுக்கே ஆபத்து. இதில் ஒரு கண்ணி உண்டு. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக். பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் கூடக் கூடச் சூடான பிளக். நம் பெரியவர்கள் மைக்கோ பிளக் என்பார்களே, பெங்களூரு கம்பெனி, அதுதான் 2008 முதல் பாஷ் என்ற பெயரில் வருகிறது. ஆகவே கம்பெனி மாற்றும்போது எண்ணை அப்படியே மாற்றாதீர்கள். பொருத்த அட்டவணை கேளுங்கள்.

"மலை ஏற்றத்துக்குக் குளிர்ந்த பிளக் போடு" என்று சிலர் சொல்வார்கள். வண்டிப் புத்தகத்தில் உள்ள எண்ணே போதும். மேலே காற்று மெலிவு என்பது உண்மை. பழைய கார்புரேட்டர் வண்டியில் அதனால் கரி கொஞ்சம் கூடும், டியூனிங் பார்க்க வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டரே சரிசெய்துகொள்ளும். இரிடியம் பிளக் விலை அதிகம், ஆனால் பல மடங்கு உழைக்கும். கம்பெனி அதைக் கேட்டிருந்தால் அதையே போடுங்கள். கேட்காத வண்டிக்குச் சாதா பிளக் தாராளம். சிஎன்ஜி வண்டிக்குப் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவை என்பதால் இடைவெளியைப் புத்தகப்படி கண்டிப்பாக வைக்க வேண்டும்.

மனதில் வைக்க வேண்டியவை:

1. கடைக்குப் பழைய பிளக்கைக் கையோடு கொண்டு போங்கள். அதோடு வண்டிப் புத்தகத்தின் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். முந்தையவர் தப்பாகப் போட்டிருக்கலாம்.

2. மரை நீளம், தடிமன், வெப்ப எண், இடைவெளி நான்கையும் சரிபாருங்கள். போலி நிறைய வருகிறது, பில் போடும் கடையில் வாங்குங்கள்.

3. என்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். முதலில் கையாலேயே மரை ஏற்றுங்கள். வாஷர் வைத்த புதுப் பிளக் கைக்கு நின்ற பிறகு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள் போதும். அலுமினிய ஹெட்டில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

4. எல்லா பிளக்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதில் நல்லதாக ஒன்றும் ஒரு பிளக் ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்கட்டும்.

அந்த மாணவன் ஹெட்டின் மரையில் இருந்த கரியை மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, சரியான பிளக் போட்டான். முழு லோடோடு 70 வளைவும் ஏறி வந்து, "சார், ஒரு இடத்துலகூட இருமலை" என்று போன் செய்தான். அடுத்த மாதம் ஒரு நள்ளிரவில் அதே வேனில்தான் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

"எல்லாம் ஒரே பிளக்குதான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். வகுப்பில் ஸ்கேல் எடுத்து வரச் சொன்னது இதற்குத்தான்.

வளைவில் ஹாரன் அடித்து, ஏறும் வண்டிக்கு வழி விட்டு, பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்