செருப்பைத் திருப்பிப் பாருங்கள்

"சார், கால் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நல்லா இருக்கேன்" என்றே பதில் போட்டு வந்தேன். அது முழு உண்மை இல்லை. இன்று உள்ளபடி எழுதுகிறேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் வந்த ஆள் நான். 1991-ல் ஒருநாள், நிற்பதற்கு முன்பே பஸ்ஸிலிருந்து குதித்தேன். ஓடும் பஸ்ஸில் இறங்காதே என்று உங்களை எத்தனை முறை அதட்டியிருப்பேன்! இடது கணுக்கால் உடைந்தது. கட்டுப் போட்டு எலும்பு கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை.

முழங்கால் தேய்வு பெரும்பாலும் வயதால் வருவது. கணுக்கால் தேய்வு பெரும்பாலும் பழைய அடியால் வருவது. ராம்சி, ஹாமில்டன் என்ற இரு மருத்துவர்கள் 1976-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கணுக்கால் மூட்டில் எலும்பு வெளிப்புறமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒன்றோடொன்று படியும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது. அதே எடையைச் சிறிய இடம் தாங்கினால் என்ன ஆகும்? குருத்தெலும்பு தேயும். எனக்குத் தேய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

போன ஐப்பசியில் மதுரையில் மூட்டு மாற்றினார்கள். மேலே ஓர் உலோகம், கீழே ஓர் உலோகம், நடுவில் பிளாஸ்டிக். செலவுக்கு மகள் கடன் வாங்கினாள். வலி போய்விட்டது. ஆனால் நாலைந்து மாதத்தில் பாதம் லேசாக உள்பக்கம் சாய்வது தெரிந்தது. தை மாதம் வாங்கிய செருப்பு வெளி ஓரம் மட்டும் தேய்ந்துபோனது. மகளிடம் எப்படிச் சொல்வது? செருப்பைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அறுபதைத் தாண்டியவன் செய்கிற வேலையா இது!

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது ரதவீதியில் பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். ராஜபாளையத்தில் மில் ஃபிட்டர். காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"சார், அந்தச் செருப்பைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுங்க."

திருப்பிப் பார்த்தான். விரலால் தடவினான்.

"இது அலைன்மென்ட் அவுட் சார். ஸ்பிண்டில் ரிங்குக்கு நடுவுல நிக்கணும். ஒரு மயிரிழை தள்ளி நின்னாலும் நூல் அறுந்துகிட்டே இருக்கும். டாக்டர்ட்ட போனீங்களா, இல்லையா?"

இவனைத்தான் ஒன்பதாம் வகுப்பில், கோணமானியை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்று பெஞ்ச் மேல் ஏற்றினேன். மார்க்கும் போடவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்த கோணம் எனக்கும் தெரிந்தது; சொல்லும் தைரியம்தான் இல்லை. எதிரே தேர் திரும்பிக்கொண்டிருந்தது. சக்கரம் கொஞ்சம் விலகும்போதே சறுக்குக்கட்டை போட்டுத் திருப்புகிறார்கள். வீட்டுச் சுவரில் இடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று யாரும் இருப்பதில்லை.

அன்று இரவே மகளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லலை?" என்றாள். அதற்குத் திட்டே பரவாயில்லை.

மருத்துவர் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். படுத்தபடி எடுத்தால் காலில் எடை இறங்காது, சாய்வு சரியாகத் தெரியாது. வைத்த உலோகம் இடம் மாறவில்லை. கீழே குதிகால் எலும்புதான் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் பிளாஸ்டிக்கின் ஒரு ஓரம் மட்டும் எடை வாங்கித் தேயும். நாளடைவில் உலோகமும் ஆட்டம் காணும். பிறகு மூட்டை அசையாமல் இறுக்கிவிட வேண்டி வரலாம். இப்போதே என்றால், குதிகால் எலும்பை வெட்டிச் சற்று வெளிப்பக்கம் நகர்த்தி ஸ்க்ரூ போட்டால் போதும். அதன்பின் ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது.

அடுத்த வாரம் ஆபரேஷன். பயமாகத்தான் இருக்கிறது. மறைத்து வைத்திருந்தபோது இருந்த பயத்தைவிட இது குறைவு.

பார்க்க வருகிறவர்கள் பால்கோவா கொண்டுவர வேண்டாம், சர்க்கரை இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் செருப்பை இன்று திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாங்களாகச் சொல்ல மாட்டோம்.

அந்த மாணவனுக்கு: தம்பி, ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் உனக்கு முழு மார்க். தாமதத்துக்கு மன்னித்துவிடு.