தலை திரும்ப மறுத்த மருமகள்

கல்லிடைக்குறிச்சி அக்காவுக்கு அப்போது 32-வது வாரம். ஸ்கேனில் குழந்தையின் தலை மேலே, பிட்டம் கீழே. “எண்ணெய் தேய்ச்சு நீவி விட்டா திரும்பிரும்லா” என்றார் ஆச்சி. எனக்குப் பயம். டாக்டரிடம் கேட்டோம்.

“வீட்டுல யாரும் வயித்தை நீவக் கூடாது, நஞ்சுக்கொடி பிரிஞ்சுடலாம். பெரும்பாலான குழந்தைங்க தானாவே திரும்பிடும். மாசம் நிறையும்போது 100-க்கு 3, 4 குழந்தைங்கதான் இப்படி நிக்கும்” என்றார் அவர்.

அப்படி நின்றால்? 36, 37-வது வாரத்தில் டாக்டரே வயிற்றின் மேல் கைவைத்து மெல்லத் திருப்பிப் பார்ப்பார். கர்ப்பப்பை தளர ஊசி போடுவார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிப்பார்கள். அவசரத்துக்கு ஆபரேஷன் தியேட்டரும் தயாராக இருக்கும். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பலன் கிடைக்கும். சீக்கிரமே செய்தால் குறைப்பிரசவ அபாயம் கூடலாம் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். இப்படி ஒரு வழி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அக்காவுக்கு 37-வது வாரத்தில் முயன்றார்கள். திரும்பவில்லை. சிசேரியன்தான். “முயற்சி பண்ணிப் பாத்தாச்சுல்லா, மனசுல குறை இல்ல” என்றாள்.

மருமகள் இப்போது யார் கூப்பிட்டாலும் உடனே தலையைத் திருப்புகிறாள்!